அணையாத சிவப்பு விளக்கு

மகனைப் பறிகொடுத்த பிறகு இன்றுதான் அவள் ஓவனைப் போட்டிருக்கிறாள். சின்ன மகளுக்குப் பிறந்தநாள்; அந்தக் குழந்தை என்ன பாவம் செய்தது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு கேக் மாவைக் கலந்துவிட்டாள். ஓவனின் சிவப்பு விளக்கு எரிகிறது. சூடேறியதும் அது அணையும், அப்புறம்தான் மாவை உள்ளே வைக்க வேண்டும். தகரம் டிக் டிக்கென்று விரிகிறது. மேடையில் முட்டை ஓடுகள் ஈரமாக மினுங்குகின்றன. திடீரென்று பிளாஸ்டிக் கருகும் வாடை. கதவைத் திறக்கிறாள். அனல் முகத்தில் அடிக்கிறது. கம்பித் தட்டிலிருந்து நீலமாக ஏதோ உருகித் தொங்குகிறது. மூடியில் ஒட்டிய ராக்கெட் படம் மட்டும் பாதி மிச்சம். மகன் கடைசியாகப் பள்ளிக்குக் கொண்டுபோன சாப்பாட்டு டப்பா. ஓடிவந்த கணவன் வாசலிலேயே நின்றுவிடுகிறான். "உன் கண்ணுல படக் கூடாதுன்னு நான்தான் உள்ள வெச்சேன். நீதான் ஓவனத் தொடுறதே இல்லையேன்னு..." அவள் திரும்பவில்லை. கையிலிருக்கும் கரண்டியிலிருந்து மாவு தரையில் சொட்டுகிறது. "ஏங்க, அன்னைக்கு மிச்சம் வெச்சிருந்தானா?" "இல்லம்மா. வழிச்சுச் சாப்பிட்டிருந்தான்." அவள் மெல்லத் தலையாட்டுகிறாள். கதவை மூட இருவருக்கும் கை வரவில்லை. சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது.