கோட்டுப் பை

சித்திரை வெயில் சன்னல் கம்பி வழியாகச் சாப்பாட்டு மேசைமேல் கோடு கோடாக விழுந்து கிடக்கிறது. புதுக் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து, கத்தியும் முள்கரண்டியுமாக இட்லியை அறுத்துப் பழகுகிறார் கண்ணாயிரம். ஒவ்வொரு அறுப்புக்கும் தட்டு கீச்சிடுகிறது. உதிர்ந்த இட்லி டையில் ஒட்டிக்கொள்கிறது. சுனாமிக்குப் பிறகு ஆறு வருஷமாகத் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில்கூடக் கால் வைக்காத மனுஷன், பதினான்கு நாள் கப்பலில் சுற்றப் போகிறாராம். சிங்கப்பூரில் இருக்கும் மகள் அப்பாவுக்கும் அம்மாவுக்குமாகத்தான் டிக்கெட் போட்டாள். மனைவி மங்கலத்தின் பெயரை எடுத்துவிட்டுத் தன் அண்ணன் பெயரைச் சேர்க்கச் சொன்னவர் கண்ணாயிரம்தான். "ஒனக்குக் கடல் காத்து ஒத்துக்காதுடி. புளிக்காய்ச்சல மட்டும் ரெண்டு பாட்டில் ஜாஸ்தியா போட்டு வை," என்கிறார், வாய் நிறைய இட்லியோடு. கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறினால் புதுச்சத்திரம் வருவதற்குள் பிளாஸ்டிக் கவரை விரித்து வாந்தியெடுக்கும் புருஷனை மங்கலம் ஏற இறங்கப் பார்க்கிறாள். புளிக்காய்ச்சல் பாட்டில்களைப் பெட்டியில் வைத்து மூடுகிறாள். பிறகு அலமாரியில் இருக்கும் கவர்களைக் கட்டாக எடுத்து வந்து, அவர் போட்டிருக்கும் கோட்டின் பையில் திணிக்கிறாள். "சிதம்பரத்துக்கே ரெண்டு கவரு ஆவுது. இது பதினாலு நாளு. நீங்களே கணக்குப் போட்டுக்குங்க."