முதல் பதினைந்து நாள்

பேனாவைக் கையில் வாங்கிய பிறகும் அவன் தாளைப் படித்துக்கொண்டிருந்தான்.

மதுரையில், நீதிமன்றத்துக்கு எதிர்ச்சாரியில், மாடியில் நோட்டரி வக்கீலின் அறை. மேஜைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவன். இன்னொன்றில் சுபாஷிணி. விவாகரத்தாகி மூன்று வருடம்.

மகள் ஹரிணிகா கீழே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றாள். மேலே வரமாட்டேன் என்றுவிட்டாள்.

தாளில் இருந்தது இவ்வளவுதான். கோடை விடுமுறையில், மே மாதத்தின் முதல் பதினைந்து நாள், மகள் தந்தையிடம் இருக்க வேண்டும் என்பது நீதிமன்ற உத்தரவு. இந்த ஆண்டு அந்த நாட்களில் அவள் தாயுடன் வியட்நாம் செல்வதில் தந்தைக்கு ஆட்சேபம் இல்லை.

ஆட்சேபம் இல்லை.

அந்த இடத்தில் இரண்டு முறை நின்றான்.

சுபாஷிணியின் அலுவலகத்தில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து போகிறார்கள். எட்டு நாள். விமான டிக்கெட்டை ஜனவரியிலேயே போட்டுவிட்டார்கள். திரும்பி வந்த மறுநாளே ஹரிணிகாவுக்கு ரோபாட்டிக்ஸ் கேம்ப். அதிலும் இடம் பிடித்தாகிவிட்டது.

"இப்பல்லாம் ஏப்ரல்ல உக்காந்து யோசிச்சா எதுவும் கிடைக்காது" என்று போனில் சொன்னாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை.

அவனும் ஏப்ரல் வரை காத்திருக்கவில்லை.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறான். காலண்டர் வேலையெல்லாம் ஓய்ந்த பொங்கல் வாரத்தில், கூட வேலை பார்ப்பவர் சொல்லித்தந்தார். போனில் ஏஐ-யிடம் கேட்டால் போதும், அதுவே திட்டம் போட்டுக் கொடுத்துவிடும்.

அவன் ஒற்றை விரலால் எழுதினான். அப்பா. பன்னிரண்டு வயது மகள். ஐந்து நாள். வால்பாறை.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நாள்வாரியாக வந்தது. எந்த அருவியில் தண்ணீர் இருக்கும், யானைகள் எந்தப் பக்கம் இறங்கும், எல்லாம்.

அவன் இன்னொன்று கேட்டான். மகளுக்கு மலைப்பாதையில் வாந்தி வரும். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். என்ன செய்யலாம்?

விடிந்ததும் கிளம்பச் சொன்னது. முன் சீட்டில் உட்காரவைக்கச் சொன்னது. ஒன்பதாவது வளைவில் இறங்கிச் சற்று நேரம் நிற்கச் சொன்னது.

அதை அப்படியே அச்சகத்தில் நல்ல தாளில் எடுத்து வைத்திருந்தான். தேயிலைத் தோட்டத்துக்குள் ஒரு வீட்டில் அறையும் சொல்லி வைத்தாயிற்று. விடுப்பும் கேட்டாயிற்று.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவனுடைய வக்கீல் அதைத்தான் சொன்னார்.

"உங்க நாளு சார் அது. நீங்க இல்லேன்னா இல்லதான்."

முந்தின நாள் மகளைப் போனில் கூப்பிட்டுக் கேட்டான்.

"உனக்கு எங்க போகணும் பாப்பா?"



"நீங்க சொல்றதுதான்ப்பா."

வகுப்பில் டீச்சர் எழுப்பிக் கேட்டால் வருமே, அந்தக் குரல்.

வால்பாறை என்று சொன்னால் வந்துவிடுவாள். முன் சீட்டில் உட்காருவாள். யானையைக் காட்டினால், நல்லாருக்குப்பா என்றும் சொல்வாள்.

அவன் கையெழுத்துப் போட்டான்.

நோட்டரி முத்திரை குத்தித் தாளை நீட்டினார். சுபாஷிணி அதை மடிக்காமல் உறையில் வைத்தாள்.

"தேங்க்ஸ்."

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

கீழே வெயில் சுட்டது. அவர்கள் படியிறங்கி வருவதைப் பார்த்ததும் ஹரிணிகா முதலில் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தாள்.

சுபாஷிணி லேசாகத் தலையசைத்தாள்.

ஹரிணிகாவின் முகம் மலர்ந்தது. அவன் பக்கம் திரும்புவதற்குள் அதை அடக்கிக்கொண்டாள்.

அவன் பார்த்துவிட்டிருந்தான்.

ஏதாவது பேசவேண்டும் போலிருந்தது.

"பிளேன்ல ஏறதுக்கு முன்னாடி மாத்திரை போட்டுக்கணும், என்ன? உனக்கு வாந்தி வரும்ல."

"அதெல்லாம் நின்னு ரெண்டு வருஷமாச்சு" என்றாள் சுபாஷிணி. "டிசம்பர்ல ஸ்கூல்ல கொடைக்கானல் கூட்டிட்டுப் போனாங்க. பஸ்ல கடைசி சீட்டு. ஒண்ணும் பண்ணல."

அவன் தலையாட்டினான். நிறுத்தத் தெரியாமல் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"இல்லம்மா" என்றாள் ஹரிணிகா. அம்மாவைப் பார்க்காமல் சொன்னாள். "இப்பவும் வருது."

சுபாஷிணி மகளைத் திரும்பிப் பார்த்தாள். சாவியைத் தேடுவதுபோலக் கைப்பைக்குள் குனிந்துகொண்டாள்.

அவன் சாலையைக் கடந்து மருந்துக்கடைக்குப் போனான். கிட்டத்தட்ட ஓடினான். ஓர் அட்டை மாத்திரையும் தண்ணீர் பாட்டிலும் வாங்கி வந்தான்.

"கிளம்பறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி ஒண்ணு. மறந்துறாத."

"சரிப்பா."

அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கவே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

பிறகு அம்மாவின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

அவர்கள் வீடு அங்கிருந்து பத்து நிமிடம்.