தினமும் ஒலிக்கும் ஆல்பம்

கதையெழுதத் துணிந்த இப்புதியவனை வாசகப் பெருமக்கள் அன்புகூர்ந்து பொறுத்தருள வேண்டும்.

இசைக்குழுவிலிருந்து விலகிய பாடகன், தானே எழுதி, தனியே பாடி வெளியிட்ட ஆல்பத்தை எவரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு காபிக் கடையில் மட்டும் அது தினமும் ஒலிப்பதாக அவன் மனைவி கேள்விப்பட்டாள். அந்தத் தெம்பில் அடுத்த ஆல்பத்துக்காக அவன் அன்று காலை, பார்த்துவந்த அலுவலக வேலையை விட்டான். மாலையில் நன்றி சொல்ல இருவரும் அங்கே சென்றார்கள்.

காபி முடியும் வேளையில் அவன் பாடல் ஒலித்தது.

“இந்த இடத்துல கிடாரை நிறுத்திட்டு வெறும் குரல்ல பாடுறீங்க பாருங்க, இன்னும் எனக்குப் புல்லரிக்குதுங்க.”

“போதும்டி, கண்ணு வைக்காதே.”

மேலாளர் அருகே வந்தார்.

“இந்தப் பாட்டை யாரு சார் தேர்ந்தெடுத்தது?” என்றாள் அவள் பூரிப்புடன்.

“நான்தாம்மா. கடை மூடுற நேரத்துல ‘எழுந்து போங்க’ன்னு சொல்ல வாய் வராது. இதைப் போட்டா அவங்களே கிளம்பிடுறாங்க. நீங்கதான் அசையவே மாட்டேங்கிறீங்க!”

மற்ற மேசைகள் காலியாகியிருந்தன. பாடகன் எழுந்தான்.

“பாட்டு முடியட்டுங்க,” என்றாள் மனைவி. அவன் நிற்கவில்லை.

அன்று போனவை: ஒரு வேலை, பாதி எழுதிய அடுத்த ஆல்பம், குளிக்கும்போது அவன் பாடும் வழக்கம்.