சர்வர் எழுத்தருக்கு வந்த உத்தரவு

ஒரு சிறிய ஆஸ்பத்திரியில், ஊழியர்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ள, மாடிப்படிக்குக் கீழே சொந்தமாக ஒரு சர்வர் வைத்திருந்தார்கள். அதற்குள் இரண்டு புரோகிராம்கள் குடியிருந்தன. செய்திகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் தூதர். நடப்பதையெல்லாம் லாக் என்ற பதிவேட்டில் எழுதிவைப்பவர் எழுத்தர். தூதரைத் தேடாத ஆளில்லை. எழுத்தரின் லாக்கை இதுவரை ஒருவரும் திறந்து பார்த்ததில்லை.

"யாருக்காக ஐயா இத்தனையும் எழுதுகிறீர்?" என்று தூதர் கேட்பார்.

"என்றைக்காவது யாராவது படிப்பார்கள்," என்பார் எழுத்தர். தூதர் கேட்டதையும் ஒரு வரி எழுதிவைப்பார். அந்த வரிகள்தான் அவருக்குப் பேச்சுத்துணை.

ஒருநாள் காலை தூதர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். அறுவைசிகிச்சை அறையிலிருந்து ரத்தம் கேட்டு அனுப்பிய செய்தி போகவில்லை. நர்ஸ் ஒருத்தி படியிறங்கி ஓடிப்போய் வாங்கி வந்ததால் நோயாளி பிழைத்தார்.

கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் ஜெனோவா வந்து லாக்கைத் திறந்தாள். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எழுத்தருக்கு மனம் நிறைந்துபோனது.

"டிஸ்க்கில் இடமே இல்லை, அதனால்தான் தூதர் நின்றுவிட்டார். எல்லாம் நீங்கள் எழுதியதுதான்," என்றாள் அவள்.

"எழுதத்தானே அம்மா என்னை வைத்தீர்கள்?"

"சரிதான். இனி ஏதாவது கெட்டால் மட்டும் எழுதுங்கள்."

பழைய வரிகளை அழித்துவிட்டு அவள் போனாள்.

அதன்பிறகு ஒன்றும் கெடவில்லை. தூதர் மூச்சிரைக்க ஓடும்போதெல்லாம், "சௌக்கியமா ஐயா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

எழுத்தர் அந்தக் கேள்வியை எழுதிவைப்பதில்லை. கெட்டதாக எழுத அவரிடம் எதுவும் இல்லை.