எந்தக் கால்?

"பேர் சொல்லுங்க சார். எந்தக் கால்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"கோணிக்கிட்டுக் கிடக்கே, கண்ணு அவிஞ்சு போச்சா? இடது கால்!"

படியில் வழுக்கித் தொடை எலும்பை முறித்துக்கொண்ட அந்த மனிதர், அவசரப் பிரிவே அதிரக் கத்திக்கொண்டிருந்தார். ஸ்கேனில் நரம்பைப் பார்த்து, அதன் பக்கத்தில் மரத்துப்போகும் ஊசியைப் போட்டால் வலி பறந்துவிடும். ஆனால் அதற்கு முன் மூன்று பேர் தனித்தனியாகப் பேரும் காலும் கேட்டுப் படிவத்தில் எழுத வேண்டும். அது அங்கே சட்டம்.

அடுத்து நர்ஸ் வந்தாள். "பேர் சொல்லுங்க சார். எந்தக் கால்?"

"என் பேர் உனக்குத் தெரியாது?"

"உங்க வாயால சொல்லணும் சார்."

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். மூன்றாவதாக ஸ்கேன்காரர் எட்டிப் பார்த்தார். "பேர் சொல்லுங்க சார். எந்தக்…"

"இந்தச் சட்டத்தைப் போட்ட மடையன் எவன்? நாளைக்கே அவனை வேலையை விட்டுத் தூக்கறேன்!"

டாக்டரம்மா அது காதில் விழாததுபோல் நின்று, மூன்றாவது தடவையும் அவர் பேரும் காலும் சொன்ன பிறகே ஊசியை இறக்கினார். கால் மணி நேரத்தில் வலி போய்விட்டது. கோபம் போகவில்லை.

"கேட்டேனே, யாரு அந்த மடையன்?"

டாக்டரம்மா படிவத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். அடியில் அச்சடித்திருந்த சட்டத்துக்குக் கீழே தலைமை மருத்துவரின் முத்திரை. அதன்மேல், கட்டிலில் கிடப்பவரின் கையெழுத்து.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சட்டம் நல்லதுதான். அதுக்காக மூணு பேரா? ரெண்டு பேர் போதாது?"

"நாங்க ரெண்டுன்னுதான் சார் எழுதினோம். பத்தாதுன்னு எங்களை நிக்க வச்சுத் திட்டி, மூணாக்கினதே நீங்கதான்."