சிறியவர்களுக்கு விலக்கு

"மேடம், உங்க கால்ல வேணும்னாலும் விழறேன். அந்த ஒரு வரி மட்டும் அப்படியே இருக்கட்டும்!"

சத்துமாவு கம்பெனியின் பிரதிநிதி அழுதுவிடுவார் போலிருந்தது. குழந்தை டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, மூக்கின் மேல் பதிந்திருந்த தடத்தைத் தேய்த்துக்கொண்டார். காலையிலிருந்து இதே பாட்டுதான். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்தே முதுகு கட்டையாகிவிட்டது. கால்கள் வீங்கியதில் செருப்பை எப்போதோ மேஜைக்கடியில் கழற்றிவிட்டிருந்தார்.

பல நாட்டு அரசுகள் சேர்ந்து அமைத்த குழு அது. மெலிந்துபோன குழந்தைகளுக்கு அரசுகள் வாங்கித் தரும் சத்துமாவு எப்படி இருக்க வேண்டும் என்று விதி எழுதிக்கொண்டிருந்தார்கள். டாக்டர்களும் அதிகாரிகளும் எழுத வேண்டிய விதி. 'விற்கிறவங்க பக்கத்தையும் கேட்க வேண்டாமா?' என்று யாரோ சொல்ல, கம்பெனிக்காரர்களுக்கும் நாற்காலி போட்டாயிற்று. போட்ட நாளிலிருந்து, ஒரு பத்தி நகர்வதற்குள் தேர் நகர்ந்துவிடும்.

டாக்டர் இந்தக் குழுவுக்கு வந்ததே ஒரு கோபத்தில்தான். இதே கம்பெனி அனுப்பிய மாவில் ஒருமுறை பூஞ்சை இருந்தது. அவருடைய வார்டில் பிள்ளைகள் வாந்தியெடுத்துச் சுருண்டார்கள். ஒரு குழந்தை கடைசிவரை கண் திறக்கவில்லை. அதன் தாய் கேட்டாள்: "நல்லதுன்னு சொல்லித்தானேம்மா குடுத்தீங்க?"

அன்று பிடித்த பிடிவாதம். தயாராகும் ஒவ்வொரு முறையும் மாவு பெரிய ஆய்வுக்கூடத்தில் சோதனையாகித்தான் வர வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார். இன்று காலை அந்த விதி ஒருவழியாக நிறைவேறிவிட்டது. மிச்சமிருந்தது அதன் கீழே ஒற்றை வரி: 'சிறு தயாரிப்பாளர்களுக்கு இச்சோதனையிலிருந்து விலக்கு உண்டு.'

"அந்த வரி மேல உங்களுக்கு என்ன சார் அவ்வளவு பாசம்?"

"பாவம் மேடம், சின்னச் சின்னதா மாவுக்கூடம் நடத்தறவங்க. ஒவ்வொரு தடவையும் சோதனைன்னா காசுக்கு எங்க போவாங்க? இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

"அவங்களுக்காக நீங்க அழறீங்க?"

"நாங்களும் மனுஷங்கதானே மேடம்?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்! டாக்டருக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

தேநீர் இடைவேளையில் வார்டிலிருந்து நர்ஸ் போன் செய்தாள்.

"டாக்டரம்மா, ஜன்னலோரக் கட்டில் குட்டி இருக்காளே, இன்னிக்குக் கிண்ணத்தை வழிச்சு நக்கிட்டா! இன்னும் வேணும்னு அழுகை வேற."

"எந்த மாவு குடுத்தே?"

"நம்ம அம்மாக்கள் அரைச்சதுதான். வேற எதையும் தொட மாட்டேங்கறா."

டாக்டரின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகக் களை வந்தது. பூஞ்சை மாவு வந்த பிறகு, தேறிய குழந்தைகளின் தாய்மார்கள் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு கூடம் தொடங்கியிருந்தார்கள். வறுப்பது, அரைப்பது, சலிப்பது எல்லாம் அவர்கள்தான். கண்ணாடி மாதிரி சுத்தம். எந்தச் சோதனைக்குக் கொண்டு போனாலும் தேறிவிடும்.

தேறுகிறவர்களுக்கு விலக்கு எதற்கு? அப்படியானால் விலக்கு யாருக்குத் தேவை?

செருப்பில்லாத காலோடு நடுவழியில் நின்றார் டாக்டர். அவருக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கியது.

உள்ளே வந்ததும் உட்காராமலே பேசினார்.

"தலைவர் அவர்களே, இந்த வரி ஓட்டை. பெரிய கம்பெனி தன்னோட மாவையே பத்துச் சின்னப் பேர்ல பிரிச்சு வித்தா என்ன பண்ணுவீங்க? முன்வாசலைப் பூட்டிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைக்கறோம்."

"ஐயோ, அப்படியெல்லாம் எங்களுக்கு எண்ணமே இல்லை மேடம்!" பிரதிநிதி பதறி எழுந்தார். "சத்தியமா அந்த ஏழைப் பொம்பளைங்களுக்காகத்தான் கேட்கறேன்."

"ஏழைகளைப் பத்தி நீங்க எனக்குச் சொல்லித் தர வேண்டாம்."

தலைவர் கொட்டாவியை மென்று விழுங்கினார். "ஆளாளுக்கு விமானம் பிடிக்கணும். வரி இருக்கட்டுமா, வேண்டாமா? டாக்டர், இந்த விதிக்கு இத்தனை வருஷம் பாடுபட்டவங்க நீங்க. நீங்க சொல்றதுதான்."

ஒரு கணம் டாக்டர் தயங்கினார். கூடத்துத் தாய்மார்கள் ஒவ்வொரு முறையும் ஆய்வுக்கூடச் செலவுக்கு எங்கே போவார்கள்? ஏதாவது வழி பிறக்கும், அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். எதிரே பிரதிநிதி கைகூப்பி நின்றிருந்தார். அந்தக் கூப்பிய கையைப் பார்த்ததும் தயக்கம் போயிற்று.

"அடிச்சிடுங்க. விதின்னா எல்லாருக்கும் விதிதான்."

கைகள் உயர்ந்தன. வரி நீங்கியது. பிரதிநிதி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யாரோ கைதட்டினார்கள். டாக்டருக்கு மகிழ்ச்சிகூட வரவில்லை. படுத்தால் போதும் என்றிருந்தது.

எல்லோரும் லிப்டுக்கு முண்டியடித்தார்கள். கூட்டத்தில் நிற்கத் திராணியில்லாமல் டாக்டர் மாடிப்படியில் மெல்ல இறங்கினார். கீழ்த்தளத் திருப்பத்தில் யாரோ போனில் பேசும் குரல் கேட்டது. பிரதிநிதியின் குரல். அழுகையோ பதற்றமோ துளியும் இல்லை.

"முடிஞ்சுது சார். இனிமே எந்த ஊர்லயும் கையால அரைக்கறவங்க ஒருத்தர் மிஞ்ச மாட்டாங்க, ஆஸ்பத்திரிக்கெல்லாம் நம்ம மாவு ஒண்ணுதான்... சேச்சே, எடுங்கன்னு நான் வாயே திறக்கலை சார். இருக்கட்டும்னு நாள் பூரா கெஞ்சினேன், அந்தம்மாவே எடுத்துட்டாங்க!"