சிம்சோனின் அட்டை

வலது கையில் பெரிய கட்டோடு பாண்டிசெல்வி கதவைத் திறந்ததும் கிருபாபாய் டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார். தெருவில் நின்ற லோடு ஆட்டோவை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். கூண்டை ஏற்றி வந்தது நல்லதாகப் போயிற்று.

“உடனே வாங்க டீச்சர், சிம்சோன் விஷயமாப் பேசணும்” என்று காலையில் போன் வந்தபோதே அவருக்குப் புரிந்துவிட்டது. பத்து நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

“கடிச்சிருச்சாட்டி? ஊசி போட்டியா?”

“ஐய, இது எண்ணெய் தெறிச்சது டீச்சர். அதிரசம் சுட்டேன். உள்ள வாங்க, காப்பி போடுதேன்.”

காப்பி குடிக்கிற நிலையில் டீச்சர் இல்லை. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஸ்ரீவில்லிபுத்தூரில், செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில், கைவிடப்பட்ட நாய்களுக்கு ஒரு காப்பகம் தொடங்கினார். இருபத்தேழு நாய்களில் அவரைத் தோற்கடித்தது இந்த ஒன்றுதான். வெள்ளை வெளேரென்ற ராஜபாளையம் நாய், பெயர் சிம்சோன். ரோஜா நிற மூக்கு, ஜமீன் வீட்டு நடை.

மூன்று வீட்டுக்காரர்கள் அதை ஆசை ஆசையாகக் கூட்டிப் போனார்கள். மூன்று பேரும் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். “கூப்பிட்டா முதுகைக் காட்டிட்டுப் படுத்துக்கிடுது, நான் என்ன அதுக்கு வேலைக்காரனா?” என்று குதித்தார் கிருஷ்ணன்கோவில் கடைக்காரர். தூங்கும்போது பிரியமாகத் தடவிக் கொடுக்கப் போன செட்டியார்பட்டிக்காரருக்கு நாலு தையல். ஆனால் சாப்பாட்டு நேரம் வந்தால் மட்டும் மற்ற நாய்களோடு முதல் ஆளாக வந்து நிற்கும்.

நாலாவது தடவையும் திரும்பி வந்தால் அதை இனி யாருக்கும் கொடுப்பதில்லை, ஆயுசு முழுக்கக் கூண்டுதான் என்று காப்பகத்தில் முடிவெடுத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டவரே டீச்சர்தான். போட்டுவிட்டாரே தவிர, அந்தக் காகிதத்தை மறுபடி எடுத்துப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பழைய மாணவி பாண்டிசெல்வி வந்து, “எனக்குக் குடுங்க டீச்சர், நான் பாத்துக்கிடுதேன்” என்றாள். பாவம், வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தார்.

“எங்க அவன்?”

கொல்லையில் முருங்கை மரத்தடியில், வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு சிம்சோன் படுத்திருந்தது.

“சிம்சோன்!”

முப்பது வருஷம் கடைசி பெஞ்சுப் பையன்களை எழுப்பி நிறுத்திய குரல். நாயின் வால்கூட அசையவில்லை.

“பாத்தியா இவன் கொழுப்ப?”

“செத்த இருங்க டீச்சர்” என்ற பாண்டிசெல்வி, தரையில் காலை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். நாய் எழுந்து திரும்பியது. அவள் இடது கையை வீசினாள். குடுகுடுவென்று ஓடி வந்தது. இரண்டு விரலை மடக்கினாள், காலடியில் உட்கார்ந்துகொண்டது.

டீச்சர் திறந்த வாயை மூடவில்லை. “என்னட்டி வசியம் வச்ச?”

“வசியமா? மில்லுப் பழக்கம் டீச்சர். பதினாறு வருசமா ஸ்பின்னிங்ல நிக்கேன். அந்த மெஷின் இரைச்சல்ல வாயை வச்சு என்ன பண்ண? நூல் அந்துருச்சு, சூப்பர்வைசர் வாராரு, சாப்பிடப் போவமா, அம்புட்டும் கையிலதான். வீட்டுக்கு வந்தாலும் கைதான் முந்திக்கிட்டு நிக்கும்.”

“எப்படியோ பையன் வழிக்கு வந்துட்டான்.”

“ஒரே ஒரு நாள் மட்டும் நான் சொன்னதுல ஒண்ணுகூடச் செய்யல. வலது கையில கட்டுப் போட்டேன் பாருங்க, அன்னைக்கு.”

“அதான பாத்தேன்!” டீச்சர் தொடையில் தட்டினார். “கையில கட்டோட இருக்கா, இவளால அடிக்க முடியாதுன்னு தெரிஞ்சுக்கிட்டு ஆட்டம் போட்டிருக்கான். இதுக்குப் பேருதாண்டி திமிரு.”

பாண்டிசெல்வி முழித்தாள். ஏழாம் வகுப்பில் டீச்சர் கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போட்டபோது, சொல்லலாமா வேண்டாமா என்று முழித்த அதே முழிப்பு.

“சரி, அப்ப எதுக்கு என்னை அவசரமா வரச் சொன்ன? திருப்பிக் குடுக்கத்தான?”

“நல்லாயிருக்கே! நீங்களே கேட்டாலும் குடுக்க மாட்டேன். இதைத் திருத்தணும், அதுக்குத்தான்.”

காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்த காப்பக அட்டையை உருவி நீட்டினாள். டீச்சரின் மணி மணியான கையெழுத்து, சிவப்பு மையில்: ‘திமிர் அதிகம். கூப்பிட்டால் வராது. கடிக்கும்.’

“அந்த முத வரிய அடிச்சிருங்க டீச்சர்.”

கூண்டு காலியாகவே திரும்பப் போகிற சந்தோஷத்தில் டீச்சருக்குக் கண் கலங்கியது. எதை வேண்டுமானாலும் அடிக்கத் தயாராகப் பேனாவைத் திறந்து, ஒரே இழுப்பில் அடித்தார்.

“அடிச்சாச்சு. பதிலுக்கு என்ன எழுதட்டும், தங்கம்னா?”

பாண்டிசெல்வி நாயின் முன்னால் போய் நின்று, அது தன் முகத்தைப் பார்க்கிற வரைக்கும் காத்திருந்து, பிறகுதான் தலையைத் தடவினாள்.

“காது கேக்காதுன்னு எழுதுங்க.”